இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா? பிரித்தறிவதற்கான வழிமுறை

கற்பூரக் கட்டி ஒன்றைத் திறந்த தட்டில் விட்டுவைத்தால் அது நாளுக்கு நாள் தேய்ந்து, கடைசியில் இருந்த இடம் தெரியாமல் போய்விடுகிறது. அதே கட்டியைக் கொளுத்தினால் சிறிது நேரத்தில் எரிந்து தீர்கிறது. தட்டு காலியாவது இரண்டிலும் ஒன்றுதான். நடந்தவை மட்டும் அடியோடு வேறானவை. திறந்து வைத்த கற்பூரம் திண்ம நிலையிலிருந்து நேராக வாயு நிலைக்குச் சென்று, கற்பூரமாகவே அறைக்குள் பரவியிருக்கிறது. அறையில் அதன் மணம் நிற்பதற்கு அதுவே காரணம். கொளுத்திய கற்பூரமோ இனி எங்கும் இல்லை. அதன் மூலக்கூறுகளில் இருந்த கார்பனும் ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறிவிட்டன. முழுமையாக எரியாத கார்பன் கரும்புகையாக வெளியேறிவிட்டது. முதலாவது இயற்பியல் மாற்றம், இரண்டாவது வேதியியல் மாற்றம்.

இந்த வேறுபாட்டைக் கற்பிக்கும்போது பெரும்பாலும் ஓர் அடையாளப் பட்டியல் தரப்படுகிறது: நிறம் மாறினால், குமிழி வந்தால், வெப்பமோ ஒளியோ வெளிப்பட்டால், வீழ்படிவு (திரவத்தில் கரையாமல் பிரிந்து நிற்கும் திண்மம்) உண்டானால், பழைய நிலைக்குத் திரும்ப முடியாவிட்டால் அது வேதியியல் மாற்றம் என்று. பட்டியலில் பிழை இல்லை என்றாலும், அதை மட்டும் நம்பிய மாணவர் கேள்வி சற்றே திரும்பினாலும் தடுமாறிப் போகிறார். இந்த அடையாளங்கள் ஒவ்வொன்றும் ஐயத்தை எழுப்பப் பயன்படுமே தவிர, தீர்ப்புச் சொல்லப் போதா. தீர்ப்புக்கு உரிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: மாற்றத்திற்கு முன்பு இருந்த பொருளும் பின்பு இருக்கும் பொருளும் ஒன்றா, வேறா? இதற்கு எப்படி விடை காண்பது என்பதையே இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் இரண்டு பெயர்களை எழுதுக

எந்த மாற்றத்தை ஆராய்ந்தாலும், ஒரு தாளில் முன்பு இருந்த பொருளின் பெயரையும் பின்பு இருக்கும் பொருளின் பெயரையும் எழுதிக்கொள்ள வேண்டும். "பனிக்கட்டி", "நீராவி" போன்ற நிலைப்பெயர்களை இங்கே எழுதக் கூடாது. எந்தச் சேர்மம், எந்தத் தனிமம் என்பதை எழுத வேண்டும். பனிக்கட்டி உருகுவதை எழுதினால் இரு பக்கமும் நீர் என்றே வரும். மெக்னீசியம் நாடா எரிவதை எழுதினால் ஒரு பக்கம் மெக்னீசியமும் ஆக்சிஜனும், மறு பக்கம் மெக்னீசியம் ஆக்சைடும் வரும். பெயர் மாறவில்லை என்றால் மூலக்கூறுகளின் இடைவெளியும் அடுக்கும் ஓட்டமும்தான் மாறியிருக்கின்றன; பெயர் மாறிவிட்டால் அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகள் பிரிந்து புதிய முறையில் சேர்ந்திருக்கின்றன.

இதைச் செய்யும்போது மாணவர்கள் மிகுதியாகத் தவறும் இடம் கொதிக்கும் நீர். பாத்திரத்தின் அடியிலிருந்து எழும் பெரிய குமிழிகளுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால், "ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்" என்றோ "காற்று" என்றோ சொல்பவர்கள் பலர். சூடேறத் தொடங்கும்போது பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டி நிற்கும் சிறு குமிழிகள் நீரில் கரைந்திருந்த காற்றுதான். ஆனால் நீர் தளதளவெனக் கொதிக்கும்போது எழுபவை நீராவிக் குமிழிகள். குளிர்ந்த மூடி ஒன்றை மேலே பிடித்தால் அந்த ஆவி நீர்த்துளிகளாகப் படிவதைக் காணலாம். நீரை உண்மையிலேயே ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க வேண்டுமானால் மின்னாற்பகுப்பு (மின்சாரம் செலுத்திப் பிரித்தல்) போன்ற வழி தேவை. அப்போது ஒரு முனையில் ஹைட்ரஜனும் மறு முனையில் அதில் பாதிக் கனஅளவு ஆக்சிஜனும் சேரும். 18 கிராம் நீரைக் கொதிநிலையில் ஆவியாக்க ஏறத்தாழ 41 கிலோஜூல் ஆற்றல் போதும்; அதே 18 கிராம் நீரைத் தனிமங்களாகப் பிரிக்க ஏறத்தாழ 286 கிலோஜூல் வேண்டும். மூலக்கூறுகளை ஒன்றைவிட்டு ஒன்று விலக்குவதற்கும், ஒவ்வொரு மூலக்கூறையும் உடைப்பதற்கும் இடையிலுள்ள தூரம் இந்த இரண்டு எண்களில் தெரிகிறது.

பெயரைச் சோதனையால் உறுதி செய்க

பெயரை எழுதுவது எளிது. எழுதியது சரிதானா என்று பார்ப்பதற்குப் பொருளின் பண்புகளைச் சோதிக்க வேண்டும். உருகுநிலை, கொதிநிலை, அடர்த்தி, கரைதிறன், காந்தத்தால் ஈர்க்கப்படுதல், அமிலத்துடன் நடந்துகொள்ளும் விதம் ஆகியவை ஒரு பொருளுக்கே உரிய அடையாள அட்டை போன்றவை. இவற்றை ஒப்பிடும்போது சூழ்நிலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் உதகமண்டலத்தில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அழுத்தம் குறைந்ததே காரணம். நீர் வேறு பொருளாகிவிடவில்லை.

இந்தச் சோதனை முறைக்கு இரும்புத்தூளும் கந்தகத்தூளும் போலத் தெளிவான எடுத்துக்காட்டு வேறில்லை என்பது என் கருத்து. 7 கிராம் இரும்புத்தூளையும் 4 கிராம் கந்தகத்தூளையும் நன்றாகக் கலந்தால் சாம்பலும் மஞ்சளும் கலந்த தூள் கிடைக்கும். காந்தத்தை அருகில் கொண்டுசென்றால் இரும்பு தனியே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஆகவே கலந்தது இயற்பியல் மாற்றம். அதே கலவையைச் சோதனைக்குழாயில் இட்டுச் சூடாக்கினால் ஓர் இடத்தில் தணல் தோன்றி, விளக்கை எடுத்த பின்னும் அது தானாகவே கலவை முழுதும் பரவும். ஆறியதும் கருநிறக் கட்டி ஒன்று மிஞ்சும். அளவு சரியாக இருந்து வினை முழுமையாக நடந்திருந்தால் காந்தம் அதை இரும்பைப்போல இழுக்காது. நீர்த்த அமிலத்தை இட்டால், இரும்பிலிருந்து வரும் மணமற்ற ஹைட்ரஜனுக்குப் பதிலாக, அழுகிய முட்டை நாற்றம் கொண்ட ஹைட்ரஜன் சல்பைடு வெளிவரும். இரும்பின் பண்பும் இல்லை, கந்தகத்தின் பண்பும் இல்லை. இருப்பது இரும்பு சல்பைடு என்னும் மூன்றாவது பொருள். ஹைட்ரஜன் சல்பைடு நச்சு வாயு என்பதால் இச்சோதனையை ஆசிரியரின் மேற்பார்வையில், காற்றோட்டமுள்ள ஆய்வகத்தில் மட்டுமே செய்ய வேண்டும். எந்தச் சோதனையிலும் பொருளைச் சுவைத்துப் பார்த்து அடையாளம் காண முயலக் கூடாது.

வாயுக்களைச் சோதிக்கும்போது இன்னொரு படியும் தேவைப்படுகிறது. சமையல் சோடாவில் எலுமிச்சைச் சாறு ஊற்றினால் நுரைத்து வரும் வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் செலுத்தினால் அது பால்போல் வெளுக்கிறது. வந்தது கார்பன் டை ஆக்சைடு என்பது உறுதியாகிறது. ஆனால் சோடா பாட்டிலைத் திறக்கும்போது பொங்கும் வாயுவைச் செலுத்தினாலும் சுண்ணாம்பு நீர் அதேபோல்தான் வெளுக்கும். சோதனை வாயுவின் பெயரைச் சொல்லுமே தவிர, அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாது. சோடா பாட்டிலில் அழுத்தத்தால் கரைத்து வைக்கப்பட்டிருந்த வாயு, அழுத்தம் நீங்கியதும் வெளியேறுகிறது. சமையல் சோடாவிலோ அந்த வாயு முன்பு வாயுவாக இருந்ததே இல்லை. சோடியம் பைகார்பனேட்டும் சிட்ரிக் அமிலமும் வினைபுரிந்த பிறகே அது பிறந்தது. எனவே கிடைத்த பொருள் மாற்றத்திற்கு முன்பும் அங்கே இருந்ததா என்று கேட்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

எடை என்ன சொல்கிறது, என்ன சொல்லாது

பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மூடிய கலங்களில் பொருள்களைச் சூடாக்கி, முன்னும் பின்னும் துல்லியமாக நிறுத்துப் பார்த்து, வேதிவினையில் மொத்த நிறை மாறுவதில்லை என்பதை நிலைநாட்டினார். மூடிய கலத்தில் இயற்பியல் மாற்றம் நடந்தாலும் நிறை மாறாது என்பதால், அங்கே தராசால் இரண்டையும் பிரித்தறிய இயலாது. திறந்த கலத்தில்தான் தராசு பயன்படும், அதுவும் கணக்கோடு சேர்ந்தால் மட்டுமே. 24 கிராம் மெக்னீசியம் எரிந்தால் 40 கிராம் வெண்தூள் கிடைக்கும்; கூடுதலான 16 கிராம் ஆக்சிஜன். தூய்மையான 100 கிராம் சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சி, 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். எத்தனை முறை செய்தாலும் இந்த விகிதம் மாறுவதில்லை. இப்படி மாறாத விகிதத்தில் எடை ஏறுவதோ இறங்குவதோ வேதியியல் மாற்றத்திற்கு வலுவான சான்று. விகிதம் பார்க்காமல் எடை ஏறியது என்பதை மட்டும் கொண்டு முடிவு செய்தால், மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சிக் கசியும் கல்லுப்பையும் வேதியியல் மாற்றத்தில் சேர்க்க நேரும்.

"திரும்பப் பெற முடியாது" என்னும் விதி

எல்லா அடையாளங்களிலும் மிகுதியாகத் தவறாகப் பயன்படுத்தப்படுவது இதுதான். இயற்பியல் மாற்றம் மீளக்கூடியது, வேதியியல் மாற்றம் மீளாதது என்று எழுதி மதிப்பெண் பெற்றுவிடலாம். ஆனால் அரிசியை மாவாக அரைத்துவிட்டால் அதை மீண்டும் அரிசியாக்க முடியாது, உடைந்த கண்ணாடியும் கிழிந்த தாளும் பழையபடி ஒன்று சேர்வதில்லை. இவை அனைத்தும் இயற்பியல் மாற்றங்களே.

மறு பக்கம் பார்ப்போம். ஆரத்திக்காக மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்தவுடன் அது குங்குமச் சிவப்பாகிறது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்னும் நிறமி, சுண்ணாம்பின் காரத்தன்மையால் ஹைட்ரஜன் அயனியை இழந்து வேறு வடிவம் பெறுவதால் இந்த நிறம் வருகிறது. எனவே இது வேதியியல் மாற்றம். இப்போது அந்தச் சிவப்பு நீரில் எலுமிச்சைச் சாற்றைப் போதுமான அளவு பிழிந்தால் அது மீண்டும் மஞ்சளாகிறது. ஆய்வகத்தில் இதற்கு இணையாகச் செய்யத்தக்கது மயில்துத்தம் எனப்படும் தாமிர சல்பேட். நீலப் படிகங்களைச் சூடாக்கினால் நீர் வெளியேறி வெண்தூள் மிஞ்சும். 250 கிராம் படிகத்தில் ஏறத்தாழ 90 கிராம் நீராகப் போய்விடும். ஆறிய தூளில் சில சொட்டு நீர் விட்டால் நீலம் திரும்புகிறது, தூளும் சூடாகிறது. எளிதில் மீள்கிறது என்பதற்காக இதை இயற்பியல் மாற்றம் என்று எழுதினால் அது பிழை. நீலப் படிகத்தில் நீர் மூலக்கூறுகள் தாமிர அயனியோடு பிணைந்து நிற்கின்றன, வெண்தூளில் அந்தப் பிணைப்பு இல்லை.

ஆகவே "மீளுமா" என்ற கேள்வியை "எந்த வழியில் மீள்கிறது" என்று மாற்றிக்கொள்வது நல்லது. ஆறவைத்தல், ஆவியாக்கல், சலித்தல், வடிகட்டல், காந்தத்தால் பிரித்தல் ஆகியவற்றால் பழைய பொருள் அப்படியே கிடைத்தால் பெரும்பாலும் இயற்பியல் மாற்றம் என்று கொள்ளலாம். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் நடப்பது இதுவே. வெயிலில் நீர் ஆவியாகிப் போக, கடல்நீரில் கரைந்திருந்த உப்பு படிகமாகித் தங்குகிறது. பழைய பொருளைப் பெற வேறொரு பொருளைச் சேர்த்து வினைபுரியச் செய்ய வேண்டியிருந்தால் வேதியியல் மாற்றத்தை எதிர்பார்க்கலாம்.

ஏமாற்றும் அடையாளங்கள்

மற்ற அடையாளங்களை விரைவாகப் பார்த்துவிடலாம். ஒளியைப் பொறுத்தவரை, மத்தாப்பு எரிவது வேதியியல் மாற்றம். பழைய குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை ஒளிர்வது, மின்சாரத்தால் அது மிகவும் சூடாவதால் மட்டுமே, இழை டங்ஸ்டனாகவே இருக்கிறது. வெப்பத்தைப் பொறுத்தவரை, சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் நீர் கொதிக்கும் அளவுக்குச் சூடெழுவது வேதியியல் மாற்றம். இது கண்ணில் தெறித்தால் பார்வையே போகும் என்பதால் குழந்தைகளை அருகில் விடக் கூடாது. யூரியாவை வாளி நீரில் கரைக்கும்போது கை சில்லிட்டுப் போவதை விவசாயிகள் அறிவார்கள். அங்கே வெப்பம் உறிஞ்சப்பட்டாலும், நீர் ஆவியானால் யூரியா யூரியாவாகவே கிடைக்கும். தெளிந்த திரவத்திலிருந்து திண்மம் தோன்றுவதிலும் இரு வகை உண்டு. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவது இயற்பியல் மாற்றம். சுண்ணாம்பு நீரில் மூச்சை ஊதும்போது தோன்றும் வெண்கலங்கல், முன்பு அங்கே இல்லாத கால்சியம் கார்பனேட் உண்டானதால் வருவது.

ஒரே நிகழ்வில் இரண்டும் கலந்திருக்கும்போது

உலகில் நடக்கும் மாற்றங்கள் பாடநூலின் கட்டங்களுக்குள் ஒவ்வொன்றாக வந்து அமர்வதில்லை. அதனால் நீண்ட நிகழ்வு எதையும் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாகத் தீர்ப்புச் சொல்லப் பழக வேண்டும். எரியும் மெழுகுவத்தியில் மெழுகு உருகுவதும், திரியில் ஏறுவதும், ஆவியாவதும் இயற்பியல் மாற்றங்கள். அந்த ஆவி எரிவது மட்டுமே வேதியியல் மாற்றம். 1860–61 குளிர்காலத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே இளைஞர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவுகளில் இதைச் செய்து காட்டினார். வத்தியை மெல்ல அணைத்தவுடன் திரியிலிருந்து எழும் வெண்புகையில், திரிக்குச் சற்று மேலே எரியும் குச்சியைக் காட்டினால், சுடர் புகை வழியே தாவி இறங்கித் திரியை மீண்டும் பற்றவைக்கிறது. அந்தப் புகை மெழுகின் ஆவி குளிர்ந்து உண்டானது, இன்னும் மெழுகாகவே இருப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பால் நெய்யாகும் பாதை இதைவிட வளமானது. வீட்டிலேயே படிப்படியாகப் பார்க்கவும் கூடியது. பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டில் உறை ஊற்றினால், லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. சர்க்கரை போய் அமிலம் வந்துவிட்டது, ஆகவே இது வேதியியல் மாற்றம். புளிப்பு அதன் விளைவு. அமிலம் கூடக் கூட, கேசின் என்னும் புரதத் துகள்கள் ஒன்றை ஒன்று விலக்கி நிற்கும் தன்மையை இழந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் தயிர் கட்டியாகிறது. தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுப்பதோ முழுக்க இயற்பியல் மாற்றம். கொழுப்பு உருண்டைகளைச் சுற்றியிருந்த மெல்லிய உறை மத்தின் அடியால் கிழிந்து, உள்ளிருக்கும் கொழுப்பு ஒன்றாகத் திரள்கிறது. கொழுப்பு கொழுப்பாகவே இருக்கிறது.

வெண்ணெயை உருக்கும்போது கவனம் இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும். வெண்ணெய் உருகுவது இயற்பியல் மாற்றம். பிறகு சடசடவென்று ஓசையுடன் நுரைப்பது, வெண்ணெயில் சிக்கியிருந்த நீர் ஆவியாவதால். அதுவும் இயற்பியல் மாற்றமே. நீர் முழுதும் போனதும் ஓசை அடங்குகிறது. அதுவரை ஏறாமல் நின்றிருந்த வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டி ஏறத் தொடங்கும்போதுதான் அடியில் தங்கிய பால் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பழுப்பாகின்றன, நெய்க்கே உரிய மணம் எழுகிறது. வெண்ணெயில் அந்த மணம் இல்லை. அதைத் தரும் சேர்மங்கள் இந்தக் கடைசிப் படியில்தான் பிறக்கின்றன. அப்போது போடும் முருங்கையிலை பொரிவதிலும் இரண்டும் உண்டு: இலையின் நீர் வெளியேறுவது ஒன்று, அதன் நிறமும் மணமும் மாறுவது மற்றொன்று. வெண்ணெய் உருக்குதல் எவ்வகை மாற்றம் என்று ஒற்றைச் சொல்லில் விடை கேட்பது சரியான கேள்வியே ஆகாது.

எல்லையில் நிற்பவை

சில மாற்றங்களில் வேதியியலாளர்களே ஒரே குரலில் பேசுவதில்லை. உப்பு நீரில் கரையும்போது சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் தங்களுக்கு இடையிலிருந்த அயனிப் பிணைப்பை விட்டு, நீர் மூலக்கூறுகளால் சூழப்படுகின்றன. பிணைப்பு உடைவதை மட்டும் பார்ப்பவர் இதை வேதியியல் மாற்றத்தின் பக்கம் தள்ளுவார். நீரை ஆவியாக்கினால் அதே உப்பு கிடைப்பதைப் பார்ப்பவர் இயற்பியல் மாற்றம் என்பார். பள்ளிப் பாடநூல்கள் இரண்டாவது வழியையே பின்பற்றுகின்றன, தேர்விலும் அவ்வாறே எழுத வேண்டும்; காரணத்தையும் ஒரு வரியில் சேர்த்து எழுதினால் விடை நிறைவு பெறும். முட்டை வேகும்போது புரதத்தின் மடிப்பு முதலில் அவிழ்ந்து, பின்னர் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. புதிய பிணைப்புகளும் உண்டாவதால் இதைப் பாடநூல்கள் வேதியியல் மாற்றமாகக் கொள்கின்றன.

எல்லையில் நிற்பதுபோலத் தோன்றி, உண்மையில் தெளிவான தீர்ப்புடையது நவச்சாரம் எனப்படும் அம்மோனியம் குளோரைடு. சூடாக்கினால் உருகாமல் வெண்புகையாக எழுந்து, குழாயின் குளிர்ந்த மேற்பகுதியில் மீண்டும் வெண்பொடியாகப் படிவதால், கற்பூரம், அயோடின் ஆகியவற்றோடு இதையும் பதங்கமாதலுக்கு (திண்மம் உருகாமல் நேராக வாயுவாவதற்கு) எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். ஆனால் சூட்டில் அது அம்மோனியா, ஹைட்ரஜன் குளோரைடு என்னும் இரண்டு வாயுக்களாகப் பிரிந்து, மேலே குளிர்ந்த இடத்தில் அவை மீண்டும் சேர்வதால்தான் பழைய பொருள் கிடைக்கிறது. இதைச் சோதிக்க வழி உண்டு. சோதனைக்குழாயின் நடுவில் கண்ணாடிப் பஞ்சைத் தளர்வாக அடைத்து, அடியிலுள்ள நவச்சாரத்தைச் சூடாக்கி, குழாயின் வாயில் ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளையும் நீல லிட்மஸ் தாளையும் (காரம் பட்டால் நீலமாகவும், அமிலம் பட்டால் சிவப்பாகவும் மாறும் தாள்) பிடிக்க வேண்டும். எடை குறைந்த அம்மோனியா விரைவாகப் பரவி முதலில் வந்துசேர்வதால் சிவப்புத் தாள் நீலமாகும். சற்றுப் பின்னர் ஹைட்ரஜன் குளோரைடு வந்ததும் இரு தாள்களும் சிவக்கும். நவச்சாரம் அப்படியே ஆவியாகி மேலே வந்திருந்தால், காரமும் அமிலமும் இப்படி ஒன்றன்பின் ஒன்றாகத் தாளில் தெரிந்திருக்காது. எனவே இந்த மாற்றத்தைப் பற்றி எழுதும்போது, சூடாக்கும் படியை வேதிச்சிதைவு என்றும், மேலே படியும் படியை இரு வாயுக்கள் கூடும் வேதிச்சேர்க்கை என்றும் பிரித்து எழுத வேண்டும்.